செத்தவர் கணக்கு உண்டு. செத்த காரணம் எங்கே?

நாளேட்டைப் பிரிக்கிறோம். கொட்டை எழுத்தில் ஒரு செய்தி: பஸ் எரிந்தது, இத்தனை பேர் கருகினர். அதன் கீழே சின்ன எழுத்தில் மூன்று வரி: தலைவர்கள் இரங்கல், குடும்பத்தாருக்கு நிதி, டிரைவர்மீது வழக்கு. மறுநாள் வேறு செய்தி. மூன்றாம் நாள் அந்தச் செய்தி வந்த தாள், மளிகைக் கடையில் பருப்பு மடிக்கப் போய்விடுகிறது.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதை அரசு எண்ணிச் சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் தமிழ்நாட்டுச் சாலைகளிலே மாண்டவர் 17,884 பேர். கணக்குக்குக் குறைவில்லை. ஆனால், ஏன் செத்தார்கள் என்று கேளுங்கள், எல்லா வாயும் அடைத்துக்கொள்ளும்! "விதி" என்பார் ஒருவர். "டிரைவர் தூங்கிவிட்டான்" என்பார் மற்றொருவர். விதியைக் கூண்டில் ஏற்ற முடியாது; டிரைவரை ஏற்றலாம். ஆகவே டிரைவர் ஏறுகிறான், வழக்கு முடிகிறது, அடுத்த பஸ் எரிகிறது.

மிகைப்படுத்திச் சொல்லுகிறேன் என்று எண்ணுவோர், ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் அந்த ஒரே நெடுஞ்சாலையைப் பார்க்கட்டும்.

2013 அக்டோபர் 30. விடிவதற்கு முன். பெங்களூரிலிருந்து ஐதராபாத் நோக்கி விரைந்த சொகுசு பஸ் ஒன்று, பாலேம் என்னும் ஊருக்கருகே பாலத்தின் ஓரச்சுவரில் மோதியது. டீசல் டாங்கி உடைந்தது. தீ! பஸ்ஸுக்குள் இருந்தவர்களிலே 45 பேர் சாம்பலாயினர். நாடு பதறிற்று. அறிக்கைகள் பறந்தன. "இனி இப்படி நடக்க விடமாட்டோம்" என்றனர்.

2025 அக்டோபர் 24. அதே நெடுஞ்சாலை. அதே விடியாத நேரம். ஐதராபாத்திலிருந்து பெங்களூர் நோக்கி வந்த ஸ்லீப்பர் பஸ், கர்நூல் மாவட்டத்தில், சாலையிலே விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிள்மீது ஏறி அதனை இழுத்துக்கொண்டே ஓடிற்று. பெட்ரோல் கொட்டிற்று, பொறி பறந்தது, பஸ் பந்தமாயிற்று. பஸ்ஸில் வந்தவர் 19 பேர் மாண்டனர். அதற்கு முன்பே சாலையில் விழுந்து உயிரிழந்திருந்த மோட்டார் சைக்கிள்காரரையும் சேர்த்தால் 20.

பன்னிரண்டு ஆண்டுகள்! 2013ல் பள்ளியில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியே வந்துவிட்டது. நாம் இன்னும் முதல் பாடத்தையே படித்து முடிக்கவில்லை.

கர்நூலுக்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 14ல், இராஜஸ்தானத்து ஜெய்சால்மர் அருகே இன்னொரு பஸ் எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் வீட்டுக் கதையும் இதுதான். 2011 ஜூன் மாதத்து இரவிலே, காவேரிப்பாக்கம் அருகே, சென்னையிலிருந்து மேற்கே போன ஆம்னி பஸ் கவிழ்ந்து தீப்பற்றியதே, அதில் 22 பேர் கருகினார்களே, நினைவிருக்கிறதா? அந்தச் சாவுக்குக் காரணம் இன்னின்னவை, பஸ்ஸின் அமைப்பிலே இன்ன குறை, சாலையிலே இன்ன குறை, இனி இன்னபடி செய்க என்று அச்சிட்டு மக்கள் கையில் தந்த அறிக்கை எது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நானும் வாங்கிப் படிக்கிறேன்.

மோதல் ஒரு காரியம். சாவு வேறொரு காரியம். இதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். மோதுவதற்கு டிரைவரின் கண் அயர்ந்தது காரணமாயிருக்கலாம். ஆனால் மோதிய பிறகு உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாமற்போவதற்கு, அந்தக் கண்ணா காரணம்? கதவு ஒன்றே ஒன்று. அதுவும் காற்றழுத்தத்தால் இயங்குவது. ஒயர் எரிந்தவுடன் அது திறக்க மறுக்கிறது. கண்ணாடி ஜன்னல் முழுதும் மூடியது. உடைக்கச் சுத்தியல் மாட்டியிருக்க வேண்டிய இடத்திலே வெறும் ஆணி. அவசரக் கதவு இருக்க வேண்டிய பக்கத்திலே இன்னும் ஒரு படுக்கை. ஏனென்றால் ஒரு படுக்கை என்பது ஓர் இரவுக்கு ஆயிரம் ரூபாய்! நடுவழியோ ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவு. மெத்தை நுரைப் பஞ்சு, திரைச்சீலை நைலான், பற்றினால் நச்சுப் புகை. புகை மேலே எழும். மேல்படுக்கையில் தூங்குபவன் விழித்துக்கொள்வதற்கு முன்பே மூச்சடங்கிப்போகிறான். அடியிலே, ஆள் ஏற்றும் வண்டியா சரக்கு லாரியா என்று ஐயுறும்படி பார்சல் மூட்டைகள்.

கர்நூலில் எரிந்த பஸ், இருக்கை வண்டியாகப் பதிவாகிப் பின்னர் படுக்கை வண்டியாக மாற்றப்பட்டது என்று அதிகாரிகள் கூறினர். அதை மாற்றிய பட்டறை எது, அதற்கு ஒப்புதல் எழுதிய பேனா எது, எஃப்.சி. கொடுத்த கை எது? இவை எல்லாம் விசாரிக்கப்பட வேண்டாமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது! பஸ் பாடி எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 052 என்று ஒரு விதித்தொகுப்பு. ஸ்லீப்பர் பஸ்ஸுக்குத் தனியே ஏ.ஐ.எஸ். 119. தீயை உணர்ந்து அணைக்கும் கருவிக்கு ஏ.ஐ.எஸ். 135. எண்களுக்குப் பஞ்சமில்லை. பதிவான வண்டியை உரிமையாளர் விதிக்கு மாறாகத் திருத்தியமைத்தால் தண்டனை உண்டா? உண்டு, 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவு சொல்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது திருத்தம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம். ஐயாயிரம்! கூடுதலாகப் போட்ட ஒரு படுக்கை, ஒரு வாரத்திற்குள் அந்த ஐயாயிரத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறதே! சட்டம் இருக்கிறது ஏட்டில். சாவு இருக்கிறது ரோட்டில்.

இனி டிரைவர் கதைக்கு வருவோம். ஏனெனில் அவன்தான் எளிதில் அகப்படுபவன், ஏழை.

முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304ஏ. இரண்டாண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் புதிய சட்டம், அதில் 106ஆம் பிரிவு. ஐந்தாண்டு வரை சிறை. தண்டனை ஏறியது. டிரைவரின் தூக்கம் ஏறியதா? 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, தொடர்ந்து ஐந்து மணி ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு என்று வகுத்தது. நெடுந்தூர வண்டிக்குக் கொஞ்சம் தளர்த்தியும் கொடுத்தது. இன்று அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புக்குள்ளே கரைக்கப்பட்டுவிட்டது. இரவெல்லாம் ஓட்டிக் காலையில் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ இறங்கி, பஸ்ஸின் அடிவயிற்றுச் சாமான் அறையிலே சாக்கை விரித்துப் படுத்து, மறுபடி மாலையில் சக்கரத்தைப் பிடிப்பவன் எத்தனை மணி தூங்கினான் என்று எந்த எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறது? அவனுக்கு 'டிரிப்'புக்கு இவ்வளவு என்று கூலி. தூங்கினால் கூலி இல்லை. தூங்காவிட்டால் உயிர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அவனை நிறுத்தியவர் யார்?

தவறு செய்த டிரைவரை விட்டுவிடு என்று வாதாட வரவில்லை நான். குடித்துவிட்டு ஓட்டியவன், கைப்பேசியிலே பேசிக்கொண்டே நாற்பது உயிரோடு விளையாடியவன், தண்டனை பெறட்டும். ஆனால் தண்டனை என்பது வேறு, காரணம் காண்பது என்பது வேறு. போலீஸ்காரர் தேடுவது குற்றவாளியை. நாம் தேட வேண்டியதோ குறையை. குற்றவாளி சிறைக்குப் போனபின்னும் குறை சாலையிலேயே நிற்கிறது, அடுத்த பஸ்ஸை எதிர்பார்த்து!

ரயிலைப் பாருங்கள். 1956 நவம்பர் 23. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். துணை அமைச்சராயிருந்த ஓ.வி. அளகேசனை நோக்கி, மறு ஆண்டுத் தேர்தலிலே, முதன்முதல் தேர்தல் களம் கண்ட தி.மு. கழகத்துத் தோழர்கள் எழுப்பிய முழக்கம் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் எதிரொலித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மக்கள் செத்தால் ஆள்வோர் பதில் சொல்ல வேண்டும் என்பதை மேடைக்கு மேடை கற்பித்த இயக்கம் இது.

ரயில் விபத்தை விசாரிக்க அன்றும் ஒரு அதிகாரி இருந்தார், இன்றும் இருக்கிறார்: ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் இல்லை என்பதைக் கவனியுங்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இருக்கிறார். ஓட்டுகிறவனே தன் ஓட்டத்தை விசாரிக்கலாகாது என்ற நியாயத்தால் வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1941ல், அந்தப் பிரிவினை நடந்தது. விமானம் விழுந்தால் விசாரிக்க 2012 முதல் தனிப் பணியகம். விமானத்திலே போகிறவனுக்கு உண்டு; ரயிலிலே போகிறவனுக்கு உண்டு. பஸ்ஸிலே போகிறவனுக்கு? போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரின் பேனா! "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்று எழுதி எழுதித் தேய்ந்த பேனா!

வெளிநாட்டிலே என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவிலே 1967ல், இங்கே கழகம் கோட்டையில் கொடியேற்றிய அதே ஆண்டில், தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். அது யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. அதன் முடிவை நஷ்டஈட்டு வழக்கிலே சாட்சியமாகக் காட்டவும் முடியாது. ஆகவே உண்மையைச் சொல்ல எவரும் அஞ்ச வேண்டியதில்லை. காரணம் என்ன, இனி என்ன செய்ய வேண்டும்? இவை இரண்டே அதன் வேலை.

1988 மே 14. கெண்டக்கி மாநிலத்துக் கேரல்ட்டன் அருகே, குடிவெறியில் எதிர்த்திசையில் வந்த ஒருவனுடைய வண்டி, தேவாலயத்துப் பிள்ளைகள் வந்த பஸ்மீது மோதிற்று. 67 பேர் இருந்த பஸ்ஸிலே 27 பேர் மாண்டனர். நம் ஊராயிருந்தால், "குடிகாரன் மோதினான்" என்று கோப்பை மூடியிருப்பார்கள். அங்கேயும் குடிகாரன் சிறை சென்றான். ஆனால் வாரியம் கோப்பை மூடவில்லை. மோதிய அடியினாலே ஒருவர்கூடச் சாகவில்லை. அத்தனை பேரும் தீயாலும் புகையாலுமே செத்தனர் என்று கண்டது. முன்கதவுக்குப் பக்கத்திலே எண்ணெய் டாங்கி, அதைச் சுற்றிக் காப்புச் சட்டம் இல்லை. பின்பக்கம் ஒரே அவசர வழி. நடுவழி ஓரடி அகலம். டாங்கிப் பாதுகாப்பு விதி 1977 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்த வண்டியின் சேஸிஸோ மார்ச் மாதத்திலே, சில நாள் முன்னதாகச் செய்யப்பட்டது என்பதுவரை தோண்டி எடுத்தார்கள். கெண்டக்கியின் பள்ளிப் பஸ்களுக்குக் கூடுதல் அவசர வழிகள் வந்தன. டாங்கிக்குக் கூண்டு வந்தது. இறந்த பிள்ளைகள் திரும்பவில்லை. இருக்கிற பிள்ளைகள் பிழைத்தார்கள்.

சீனத்திலே 2011 ஜூலையில் ஸ்லீப்பர் பஸ் ஒன்று எரிந்து 41 பேர் மாண்டனர். மறு ஆண்டு மார்ச் முதல், புதிய ஸ்லீப்பர் பஸ்களுக்கு அங்கே கதவடைத்தார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி. கேள்வி எழுந்தது, விடை எழுதப்பட்டது, அதைச் சுட்டிக்காட்டவே சொல்கிறேன்.

"அமெரிக்கா பணக்கார நாடு, சீனம் பெரிய நாடு, நமக்கேது அதிகாரம்?" என்று கைவிரிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. கேரல்ட்டன் பஸ் எரிந்த அதே 1988ல்தான் நம் மோட்டார் வாகனச் சட்டமும் இயற்றப்பட்டது. அதில் 135ஆம் பிரிவைப் புரட்டுங்கள். விபத்துக்களின் காரணங்களை ஆழ்ந்து ஆராயத் திட்டம் வகுக்கலாம் என்று அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. யாருக்கு? மாநில அரசுக்கு! டில்லி வாசலிலே மனுவோடு நிற்கத் தேவையில்லை. அதிகாரம் நம் சட்டைப் பையில் இருக்கிறது. கை விடத்தான் மறந்தோம். 2019ல் டில்லிக்கும் அதே பிரிவில் அதிகாரம் சேர்த்துக்கொண்டார்கள்; நம் அதிகாரம் போய்விடவில்லை.

தமிழ்நாட்டுக்குத் திறமை இல்லையா? விபத்து விவரங்களைக் கணினியில் தொகுக்கும் முறையை நாடு முழுவதற்கும் உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டிக்குப் பங்கு உண்டு. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில், நம் திண்டிவனத்துக்கு அருகேயுள்ள மேல்மருவத்தூரிலேதான் தொடங்கப்பட்டது. தாம்பரம் பக்கத்திலே 2012 ஜூலையில், பள்ளிப் பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி மாண்டாள். உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கேட்டது. அவ்வாண்டுக்குள்ளேயே பள்ளிப் பஸ்களுக்குத் தனி விதிகள் பிறந்தன. கேட்டால் நடக்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

பெருமுக்கல் பக்கம் வந்து பாருங்கள், இது யாருடைய பிரச்சினை என்பது விளங்கும். 1760ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கோட்டை இருந்த குன்று அது. அடிவாரத்திலே திண்டிவனம்–மரக்காணம் சாலை. ஒருபுறம் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி. மறுபுறம் உப்பு ஏற்றிய லாரி. நடுவே கல்லூரிக்குப் போகும் பெண், கூலிக்குப் போகும் தாய், டவுன் பஸ்ஸின் படியிலே தொங்கும் மாணவன். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் திண்டிவனம் போய், அங்கிருந்து ஆம்னி ஏறிப் பெங்களூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போகிறார்கள். காரும் விமானமும் வாய்க்காத குலம். பஸ் பாதுகாப்பு என்பது இவர்கள் உயிரின் பாதுகாப்பு.

நம் பக்கத்துக் குறையை நாமே சொல்லாமல் பிறர் குறையைப் பேசுவது அழகல்ல. பஸ்களை நாட்டுடைமையாக்கி, ஊர்தோறும் வழி திறந்தது நம் இயக்கத்தின் சாதனை. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கழகம், 1975 முதல் 1997 வரை தந்தை பெரியார் பெயரையே தாங்கி ஓடிற்று. அந்தப் பெருமை நமக்கு உண்டென்றால் பொறுப்பும் நமக்கு உண்டு. 2022 ஜூலையில், திண்டிவனத்துக்கு வடக்கே தொழுப்பேடு அருகே, அரசு பஸ் லாரியின் பின்புறத்தில் மோதி, இடப்பக்கம் கிழிந்து, ஆறு பேர் மாண்டனர். 2025 நவம்பர் 30ல் சிவகங்கை மாவட்டத்தில் அரசு பஸ்கள் இரண்டு நேருக்கு நேர் மோதிப் பதினொரு பேர் மாண்டனர். டிசம்பர் 24ல் திட்டக்குடி அருகே, திருச்சியிலிருந்து சென்னை வந்த அரசு விரைவு பஸ்ஸின் டயர் வெடித்து, நடுத்தடுப்பைத் தாண்டி, எதிரே வந்த கார்கள்மீது பாய்ந்ததில் ஒன்பது பேர் மாண்டனர். டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? ரீட்ரெட் செய்ததா? தடுப்பு ஏன் பஸ்ஸைத் தடுக்கவில்லை? தடுப்பதற்குத்தானே அதற்குத் தடுப்பு என்று பெயர்! இவற்றைப் போக்குவரத்துக் கழகமே விசாரித்துக் கழகமே கோப்பில் வைத்துக்கொண்டால் போதாது.

டில்லியின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 2023ல் வகுத்த அகில இந்தியச் சுற்றுலா வாகன விதிகளின்படி, எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவு செய்து, வலைத்தளத்திலே பெர்மிட் வாங்கி, இந்தியா முழுவதும் ஓட்டலாம். நாகாலாந்துச் சாலையை ஒரு நாளும் காணாத நாகாலாந்து பஸ், சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஓடுகிறது! கர்நூலில் எரிந்தது டாமன்–டையூவிலே பதிவாகி, ஒடிசாவுக்கு மாறி, ஐதராபாத்–பெங்களூர் தடத்தில் ஓடிய வண்டி. எஃப்.சி. பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு மூலையில். பிணம் எடுக்கும் தாசில்தார் இன்னொரு மூலையில். 2024 ஜூனில் வெளிமாநிலப் பதிவெண் ஆம்னிகளுக்குத் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை கெடு விதித்தபோது எவ்வளவு கூக்குரல்! செத்தால் எங்கள் மண். சோதிக்க எங்களுக்கு உரிமை இல்லையா? மாநில சுயாட்சி என்பது மேடைப் பேச்சு மட்டுமல்ல. பஸ்ஸின் அவசரக் கதவு திறக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் உரிமையும் அதுதான்.

ஆகவே கேட்கிறோம். பத்துப் பேர் கூடும் டீக்கடையிலும், பத்தாயிரம் பேர் கூடும் திடலிலும் கேட்போம்.

135ஆம் பிரிவின்கீழ்த் தமிழ்நாட்டுக்கென்று பஸ் விபத்து ஆய்வுக் குழு ஒன்று வேண்டும். போலீசுக்கும், போக்குவரத்துத் துறைக்கும், பஸ் முதலாளிகளுக்கும் கட்டுப்படாத குழு. அதில் வண்டி தெரிந்த பொறியாளர், சாலை தெரிந்த பொறியாளர், பிணம் அறுத்துப் பார்த்த டாக்டர், சக்கரம் பிடித்துப் பழுத்த டிரைவர் ஒருவர், நால்வரும் இருக்க வேண்டும். எரிந்த கூட்டை கிரேன் தூக்கிப் போவதற்கு முன்பே அவர்கள் அங்கே நிற்க வேண்டும். அறிக்கை தமிழிலே வர வேண்டும். செத்தவர் வீட்டார் கையில் முதல் படி தரப்பட வேண்டும்.

கரூரிலும் பிற ஊர்களிலும் பாடி கட்டும் பட்டறைகள் நம் தொழிலாளரின் கைத்திறனுக்குப் புகழ் சேர்ப்பவை. அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. கட்டிய பஸ்ஸில் பட்டறையின் பெயரும், சோதித்தவர் பெயரும் தகட்டில் பொறிக்கப்பட வேண்டும். குறை என்றால் தகடு பதில் சொல்லட்டும். எஃப்.சி. தரும் நாளிலே இன்ஸ்பெக்டர் அவசரக் கதவைத் தம் கையால் திறந்து, அதன் வழியே இறங்கி வரட்டும். இறங்க முடியாவிட்டால் எஃப்.சி. இல்லை. டிரைவரின் வேலை நேரம் முதலாளியின் வாய்ச்சொல்லில் இராமல் வண்டியின் கருவியிலே பதிவாகட்டும்.

இதற்கெல்லாம் கோடி கோடியாகக் கொட்ட வேண்டியதில்லை. ஓர் ஆண்டு முழுதும் இரங்கல் நிதியாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும். இரங்கல் நிதி வேண்டும். கொடுங்கள், தாலி இழந்தவளுக்கு அது சோறு. ஆனால் அவள் கேட்பது சோறு மட்டுமா? "என் புருஷன் ஏன் செத்தான்?" என்றும் கேட்கிறாள். சிறையில் இருக்கும் டிரைவரின் மனைவியும் அதையேதான் கேட்கிறாள்: "என் புருஷன் மட்டும்தானா காரணம்?"

இரண்டு பெண்களின் கேள்விக்கும் விடை ஒரே அறிக்கையில் இருக்கிறது. அந்த அறிக்கை இன்னும் எழுதப்படவில்லை. எழுதும் அதிகாரம் கோட்டையில் இருக்கிறது. எழுத வைக்கும் அதிகாரம் நம்மிடம் இருக்கிறது.